மூன்று பேருக்கும் 22: வாசிப்புத் தேர்வின் மதிப்பெண் தாளை எப்படிப் பார்ப்பது?

வாசகர் கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) மாலை நேர எழுத்தறிவு மையத்தில் தன்னார்வலராகப் பாடம் எடுக்கிறேன். வகுப்பு ஒன்றரை மணி நேரம். கற்போர் 11 பேர், அதில் ஒரு மாமியாரும் மருமகளும் உண்டு. போன மாதம் வாசிப்புக்கு மட்டும் ஒரு மாதிரித் தேர்வு வைத்தோம். எழுத்து அறிதல் 10, சொல் வாசித்தல் 10, வாக்கியத்துக்குப் படம் பொருத்துதல் 10, ஒரு பத்தியை வாசித்து நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது 20 (பத்துக் கேள்வி, தலா 2), ஆக 50. கேட்டவர்களுக்கு மட்டும் கேள்விகளை நானே வாசித்துக் காட்டினேன். மூன்று பேர் சரியாக 22 எடுத்திருக்கிறார்கள். 25க்குக் கீழே உள்ளவர்களுக்கு அ, ஆவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா? போன தடவை 30 எடுத்த ஒருவர் இப்போது 27க்கு இறங்கிவிட்டார். இரண்டாம் வகுப்பு வரை படித்த 60 வயது அம்மா தாளைக் கையை நீட்டிப் பிடித்து வாசித்தார், 9தான் வந்தது. ‘எனக்கு இனிமேல் வராது’ என்று வகுப்புக்கே வருவதில்லை. மதிப்பெண் தாளின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது? விடைத்தாள்களின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டதற்கு முதலில் நேரடியாகப் பதில்: வேண்டாம். மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்து அ, ஆவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பகலெல்லாம் தோட்டத்தில் நின்றுவிட்டு, ஏழு மணிக்கு அந்தக் குளிரில் வந்து உட்காருகிறவர்கள் அவர்கள். தெரிந்ததையே திரும்பச் சொல்லிக்கொடுத்தால் ‘நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள்.

மதிப்பெண் தாளில் ‘மொத்தம்’ என்ற கட்டத்தை உள்பக்கமாக மடித்துவிடுங்கள். அது தேர்ச்சிக் கணக்கு எடுப்பவருக்கு வேண்டியது. பாடம் எடுப்பவருக்கு வேண்டியது அதற்கு முன்னால் இருக்கும் நான்கு கட்டங்களும், அவற்றைவிட முக்கியமாக விடைத்தாளும். நகல்களை நீங்கள் அனுப்பியது மிக நல்ல காரியம். பல மையங்களில் மதிப்பெண்ணைப் பதிவு செய்ததும் விடைத்தாளைக் கட்டி மூலையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது.

தேர்ச்சி பற்றிய கவலையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது: வாசித்தல் 50, எழுதுதல் 50, எண்ணறிவு 50. ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் வேண்டும், அதாவது வாசிப்பில் 17. உங்கள் மாதிரித் தேர்வை அந்த அளவில் வைத்துப் பார்த்தால் மூவருமே தாண்டிவிட்டார்கள். ஆனால் பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கையைக் கையில் கொடுத்தால் மூவராலும் சிரமமில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள முடியாது. அதுவும் மூன்று பேருக்கும் மூன்று வேறு காரணங்களால். அந்தக் காரணங்கள் உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கின்றன. ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

கொழுந்து பறிக்கும் அக்கா. எழுத்து 8, சொல் 4, வாக்கியம் 4, பத்தி 6. பத்திக் கேள்விகளில் முதல் மூன்றுக்கு விடை குறித்திருக்கிறார், மூன்றும் சரி. மீதி ஏழும் வெற்று. சொல் வாசிப்பிலும் அப்படியே: முதல் நான்கு சொற்கள் சரி, அதற்குள் நேரம் முடிந்தது என்று நீங்களே ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தொட்டதெல்லாம் சரி, தொட நேரம்தான் போதவில்லை. தப்பாகக் குறித்த விடைக்கும் குறிக்காமல் விட்ட விடைக்கும் தாளில் ஒரே பூஜ்யம்தான் விழுகிறது. உங்களுக்கோ இரண்டும் வேறு வேறு சேதி. இவருக்கு எழுத்து தெரியும், தமிழ் தெரியும், பொருளும் தெரியும். எழுத்துகளைக் கூட்டும் வேகம்தான் இல்லை.

தமிழில் இந்த வேகப் பிரச்சினை கொஞ்சம் கடுமையானது, ஏனென்றால் நம் சொற்கள் நீளமானவை. ‘பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது ஒரே சொல், 17 எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போகிறவர் ‘களுக்கு’ வரை வருவதற்குள் ‘பறித்து’ நினைவிலிருந்து போய்விடும். இவருக்குச் சொல்லைத் துண்டாக்கப் பழக்குங்கள்: பறித்து, கொண்டு, இருந்தவர், களுக்கு. வாலில் வரும் துண்டுகள் (களுக்கு, இல்லாமல், விட்டார்கள், வேண்டும்) திரும்பத் திரும்ப வருபவை. அவற்றைப் பார்த்ததும் சொல்லும் அளவுக்குப் பழக்கிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

அதோடு, நாற்பது ஐம்பது சொற்களில் ஒரு சின்னப் பத்தியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள், அவர் விரல் வைத்துத் தொடரட்டும். அடுத்து இருவரும் சேர்ந்து. அடுத்து அவர் மட்டும். மறுநாளும் அதே பத்தி. ஒரே பத்தியை மூன்று நான்கு தடவை வாசிப்பது நேர விரயம் என்று தோன்றும், அது தவறு. சரளம் அப்படித்தான் வருகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசித்தார் என்று குறித்து, அதை நேற்றைய அவருடைய கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆங்கில வாசிப்புக்கு ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்று சில பட்டியல்கள் சுற்றுகின்றன. அவற்றைத் தமிழுக்குப் பொருத்தாதீர்கள். ஆங்கிலத்தின் மூன்று நான்கு சொல்லுக்கு நம்முடைய ஒரு சொல் சமமாகிவிடுவதுண்டு.

கேரட் லாரிக்கு மூட்டை ஏற்றும் அண்ணன். எழுத்து 3, சொல் 5, வாக்கியம் 4, பத்தி 10. இந்தத் தாளைப் பார்த்ததும் யாருக்கும் குழப்பம் வரும். எழுத்தில் 3 எடுத்தவர் பத்தியில் மூவரிலும் அதிகமாக எப்படி எடுத்தார்? இரண்டு வழி உண்டு. ஒன்று, குருட்டுக் குறி. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தாலே பத்துக் கேள்வியில் இரண்டு மூன்று சரியாக விழும். அதாவது 20க்கு 4 முதல் 6 வரை யாருக்கும் சும்மாவே வரக்கூடும். ஆகவே பத்திப் பகுதியில் ஒருவர் 6 எடுத்திருந்தால், அந்த ஆறு எப்படி வந்தது என்று தெரியாமல் அதைக் கணக்கில் வைக்காதீர்கள். மேலே பார்த்த அக்காவின் 6 அப்படிப்பட்டதில்லை. மூன்று குறித்து மூன்றும் சரி.

இரண்டாவது வழி, உலக அனுபவம். நீங்கள் கொடுத்த பத்தி தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதைப் பற்றியது. ‘குடிநீரை என்ன செய்து குடிக்க வேண்டும்?’ என்ற கேள்விக்குப் பத்தி எதற்கு? அவர் கேட்டதால் கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். மீதியை அவர் வாழ்க்கையிலிருந்து சொல்லிவிட்டார். அவர் சரியாகச் சொன்ன ஐந்தில் நான்கு இந்த மாதிரிக் கேள்விகள். இது அவருடைய குறையில்லை, கேள்வித்தாளின் குறை. அடுத்த தடவை தேர்வு வைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: பத்தியை மறைத்துவிட்டு, கேள்வியை மட்டும் பக்கத்து வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி வாசிப்பை அளக்கவில்லை. பத்தியில் இருக்கும் ஒரு பெயர், ஒரு கிழமை, ஒரு விலை, இப்படி வாசித்தால் மட்டுமே தெரியக்கூடியதைக் கேளுங்கள்.

சொல்லில் 5 எடுத்தாரே என்றால், அந்த ஐந்தும் அவர் தினமும் கண்ணால் பார்க்கும் சொற்கள். லாரியிலும் மண்டியிலும் பஸ் போர்டிலும் பார்த்து உருவமாகப் பதிந்தவை. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உங்கள் பக்கத்து ஊர்ப் பெயரான ‘கட்டபெட்டு’ என்பதை எழுதிக் காட்டுங்கள், வாசித்துவிடுவார். அதன் கீழே ‘கிட்டபொட்டு’ என்று பொருளே இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்கள். அதையும் ‘கட்டபெட்டு’ என்றே வாசித்தால், எழுத்தைப் பார்க்கவில்லை, உருவத்தை அடையாளம் காண்கிறார் என்று பொருள். நினைவிலிருந்து சொல்ல முடியாத சொல்தான் எழுத்தறிவைக் காட்டிக்கொடுக்கும். ‘இப்படி ஒரு ஊர் கிடையாது, சும்மா வாசித்துப் பாருங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஏமாற்றுவதாக நினைத்துவிடுவார்.

இவருக்கும் ‘அ’விலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 247 எழுத்து என்று பட்டியலை மாட்டினால் யாருக்கும் மலைப்புத்தான் வரும். உண்மையில் அவர் பிடிக்க வேண்டியவை 18 மெய்களின் உருவமும், அவற்றோடு சேரும் குறிகளும், தனியே நிற்கும் உயிரெழுத்துகளும்தான். உகர, ஊகார வரிசைகள் மட்டும் மெய்க்கு மெய் உருவம் மாறும் (கு, சு, டு, து, ணு), அவற்றைச் சொற்களோடு சேர்த்துப் பழக்கலாம். மற்றவை கூட்டல்தான். அவருக்குத் தெரிந்த கட்டபெட்டிலிருந்தே தொடங்குங்கள்: க, ட், ட, பெ, டு. கொம்பை எடுத்துவிட்டால் ப. இப்போது கட்டு, பட்டு, கட, பட்ட என்று வாசிக்கலாம். இகரக் குறி ஒன்றைச் சேர்த்தால் கிட்ட, கட்டி, பெட்டி, பிடி. ஒரு மாலைக்கு ஒரு குறி போதும்.

அவருடைய தாளில் ‘காடு’ என்பதைக் ‘கரடு’ என்று வாசித்ததாகக் குறித்திருக்கிறீர்கள். அந்தக் குறிப்பு 22 என்ற எண்ணைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. துணைக்காலும் ரகரமும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் வரும் தடுமாற்றம் இது. இவருக்குக் ‘கோத்தகிரி’யைத் தனித்தாளில் எழுதிக் காட்டினால் ‘கேரத்தகிரி’ என்று வாசிக்கவும் வாய்ப்புண்டு, ஏனென்றால் கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து ஓர் ஒலி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொம்பு எழுத்தில் முன்னால் நிற்கிறது, ஒலியில் பின்னால் வருகிறது. குழந்தையிலிருந்தே வாசிக்கும் நமக்கு இது கண்ணிலேயே படுவதில்லை. கா, கர, கெ, கே, கொ, கோ, கேர என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதி ஒரு வாரம் அதை மட்டும் பாருங்கள்.

குறும்பர் குடியிருப்பிலிருந்து வரும் தங்கை. எழுத்து 9, சொல் 7, வாக்கியம் 2, பத்தி 4. பத்துக் கேள்விக்கும் விடை குறித்திருக்கிறார், இரண்டுதான் சரி. குருட்டுக் குறிக்கு விழும் அதே அளவு. நன்றாகச் சத்தம் போட்டு வாசிக்கிறார், ஆனால் கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை, கவனம் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கவனத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அதே அளவுள்ள வேறொரு பத்தியை நீங்கள் அவருக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். தாளை அவர் பார்க்க வேண்டாம், காதால் கேட்டால் போதும். கேட்டுவிட்டு என்ன புரிந்தது என்று சொல்லட்டும். கேட்டும் புரியவில்லை என்றால் பிரச்சினை வாசிப்பில் இல்லை, மொழியில் இருக்கிறது.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு வாசிப்பு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காக முன்வைத்தார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரியும் திறன். கூட்டல் என்றால் ஒன்று குறைந்தாலும் மற்றது கைகொடுக்கும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் எல்லாம் பூஜ்யம். லாரி அண்ணனுக்கு முதல் திறன் குறைவு, இந்தத் தங்கைக்கு இரண்டாவது. உங்கள் 11 பேருக்கும் இந்தக் கேட்டுப் புரியும் சோதனையைச் செய்துவிடுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். மதிப்பெண் தாளில் இல்லாத ஒரு கட்டம் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

நீலகிரியில் இதை எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரே வகுப்பில் படுக மொழி, குறும்ப மொழி, இருளர் மொழி வீட்டில் பேசுகிறவர்கள் இருப்பார்கள். கூடலூர் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர், மலையாளம் பேசுகிறவர்கள், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் என்று இன்னும் விரியும். அந்தத் தங்கைக்குப் பஜார் தமிழ் நன்றாகவே வரும். ‘ஆகவே’, ‘இருப்பினும்’, ‘நோய்த்தொற்று’, ‘தவிர்க்க வேண்டும்’ என்று பத்தியில் வரும் தமிழ் அவர் காதில் விழுந்ததே இல்லாமல் இருக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே அது பள்ளிக்கூடத்தில்தான் அறிமுகமாகிறது.

இவருக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பது வீண். பேச்சுத்தான் வேண்டும். வாசிக்கும் முன் பத்தியின் விஷயத்தைப் பேசுங்கள், புதுச் சொல் நான்கைந்தை வாய்மொழியாகப் பழக்குங்கள், தன் மொழியில் யோசித்துச் சொல்ல நேரம் கொடுங்கள். அப்புறம், அவரையே சொல்லவிட்டு நீங்கள் எழுதுங்கள். மிளகு பறிப்பது, காபிப் பழம் காய வைப்பது, எதுவானாலும் சரி. அவர் சொன்ன நான்கு வரியை முதலில் அவர் சொன்னபடியே எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் அதையே எழுத்துத் தமிழுக்கு மாற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி மட்டும் புதிதாக இருக்கும்.

பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என்று வந்துவிட்டதால் மதிப்பெண் போடும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘வந்தார்கள்’ என்று அச்சில் இருப்பதை ஒருவர் ‘வந்தாங்க’ என்று வாசித்தால் நீங்கள் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறீர்கள். குறைக்காதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வாய்க்கு வரும் வடிவத்தில் சொல்லியிருக்கிறார். அது புரிந்து வாசிப்பதற்கு அடையாளம். ‘தெளிக்கக் கூடாது’ என்பதைத் ‘தெளிக்கலாம்’ என்று ஒருவர் வாசித்தாரே, அதற்குக் குறையுங்கள். ‘மருத்துவமனை’யை ‘மருந்துக்கடை’ என்றவர் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்திருக்கிறார். அவரைச் சொல்லின் கடைசிவரை விரல் வைத்துப் போகச் சொல்லுங்கள். இப்படி ஒவ்வொருவரும் உண்மையில் என்ன சொன்னார் என்பதை அச்சுச் சொல்லுக்கு மேலே பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டால், ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் அவருடைய பழக்கம் தெரிந்துவிடும். புள்ளியை விடுகிறாரா, நெடிலைக் குறிலாக்குகிறாரா, ஊகிக்கிறாரா என்று. சரி, தப்பு என்று டிக் மட்டும் போட்டால் இது எதுவும் மிஞ்சாது.

30லிருந்து 27க்கு இறங்கியவரைப் பற்றிக் கவலை வேண்டாம். பத்திக் கேள்வி ஒன்றுக்கே 2 மதிப்பெண். மூன்று குறைந்தது என்றால் ஒன்றரைக் கேள்வி. வேறு பத்தி, வேறு நாள், குருட்டுக் குறியில் ஒன்று கூடக் குறைய விழுவது, எல்லாம் சேர்ந்தால் இந்த அளவு சாதாரணமாகவே ஏறி இறங்கும். 27லிருந்து 30க்கு ஏறியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். கட்டங்களைப் பார்த்தால் எழுத்திலும் சொல்லிலும் அவர் இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார். அவருக்கு நடத்தும் பாடத்தை மாற்ற வேண்டாம். அடுத்த தேர்விலும் அதே கட்டத்தில் குறைந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். தாளைக் கையை நீட்டிப் பிடித்து வாசித்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினாலே கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்கும், அறுபதில் கண்ணாடி இல்லாமல் பாடநூல் அச்சை வாசிக்கச் சொல்வது நியாயமில்லை. ஒற்றைப் புள்ளியும் சுழியும் எழுத்தையே மாற்றிவிடும் நம் எழுத்தில், மங்கல் பார்வையோடு எடுத்த 9க்கு எந்தப் பொருளும் கிடையாது. அதை அழித்துவிடுங்கள். ஊசியில் நூல் கோப்பீர்களா அம்மா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய், கண்ணாடி வந்த பிறகு மறுபடி வாசிக்க வையுங்கள். அதுவரை சுவரில் பெரிதாக எழுதி நடத்துங்கள். மையத்தில் இருப்பது ஒற்றை பல்ப் என்றால் அவரை அதன் கீழேயே உட்கார வையுங்கள். நாற்பதைத் தாண்டிய மற்றவர்களையும் இதே வழியில் பார்த்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் தாளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘மலை’, ‘பனை’, ‘இணை’ மூன்றிலும் கடைசி எழுத்தில் நின்றுவிட்டார். ஆனால் ‘கதை’, ‘கடை’ இரண்டையும் வாசித்திருக்கிறார். ஐகாரக் குறி தெரியாதவர் என்றால் ஐந்திலும் நின்றிருக்க வேண்டும். அவர் இப்போது 60 என்றால் இரண்டாம் வகுப்பு படித்தது 1970களின் தொடக்கத்தில். எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது 1978இல். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரக் குறி தனியாக நிற்காமல், யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்து எழுத்தோடே ஒட்டியிருந்தது. ணா, றா, னா போன்றவையும் வேறு உருவத்தில் இருந்தன. மொத்தம் 13 எழுத்துகள் மாறின. அவர் கற்ற ‘லை’ வேறு, உங்கள் தாளில் இருக்கும் ‘லை’ வேறு. பழைய உருவத்தை ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். அவர் வாசித்துவிட்டால், மறந்துபோனது அவருக்கு இல்லை, எழுத்துத்தான் இடையில் மாறிவிட்டது என்று விளக்குங்கள். வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். ‘எனக்கு வராது’ என்று சொன்னவருக்கு இதைவிட நல்ல சேதி உங்களிடம் இருக்க முடியாது.

மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள். ஹட்டியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவு. மாமியாரும் மருமகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, தாளைக் காட்டி, ‘இது நன்றாக வருகிறது, அடுத்து இதைப் பார்க்கப் போகிறோம்’ என்று சொல்லுங்கள். எண்ணைக் கேட்டால் சொல்லுங்கள், அவர்களுடையதுதானே, மறைக்க வேண்டாம்.

ஒன்றரை மணி நேரத்தில் இத்தனை பேருக்கு எப்படி என்று கேட்பீர்கள். முதல் அரை மணி எல்லோரும் சேர்ந்து ஒரு விஷயத்தைப் பேசி, ஒரு பத்தியைச் சேர்ந்து வாசியுங்கள். பேச்சு அந்தத் தங்கைக்கு, சேர்ந்து வாசிப்பது அக்காவுக்கு. அடுத்த முக்கால் மணி சின்னக் குழுக்கள். அக்கா போன்றவர்கள் ஜோடியாக மாற்றி மாற்றி வாசிக்கட்டும், அந்த நேரத்தில் நீங்கள் லாரி அண்ணனோடும் அவரைப் போன்ற இரண்டு மூன்று பேரோடும் உட்காருங்கள். எழுத்து கூட்டுவதற்குத்தான் ஆசிரியர் பக்கத்தில் வேண்டும். கடைசிக் கால் மணியில் ஒருவரை மட்டும் தனியே வாசிக்கவிட்டுப் பென்சிலால் குறியுங்கள். நாளுக்கு ஒருவர் என்றால் இரண்டு வாரத்துக்குள் 11 பேரும் முடிந்துவிடும். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் இதெல்லாம் தள்ளிப்போகும், போகட்டும்.

25க்குக் கீழே என்றால் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னவரிடம் வாதாட வேண்டாம். மூன்று விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும்.

‘குறிப்பு’ கட்டத்தில் ‘சுமார்’, ‘முன்னேற்றம் தேவை’ என்று எழுதாதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்த மையத்துக்கு வருகிறவர் மறுநாள் மாலை எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். இந்த நால்வருக்கும் நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்.

அக்கா: ‘எழுத்து, பொருள் இரண்டும் சரி. வேகம் குறைவு. நீண்ட சொற்களைத் துண்டாக்கி வாசிக்கப் பழக்கவும். ஒரே பத்தியைத் திரும்ப வாசிக்கச் செய்யவும்.’

அண்ணன்: ‘பழகிய சொற்களை உருவமாக அறிகிறார். துணைக்கால், ரகரம் குழப்பம். கொம்பும் துணைக்காலும் சேர்ந்த எழுத்துகள் வரவில்லை. பத்தி மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்.’

தங்கை: ‘நன்றாக வாசிக்கிறார். வீட்டு மொழி குறும்ப மொழி. எழுத்துத் தமிழ்ச் சொற்களைப் பேச்சில் பழக்கிய பிறகே வாசிக்கத் தரவும். கேட்டுப் புரியும் சோதனை செய்ய வேண்டும்.’

அம்மா: ‘மதிப்பெண் கணக்கில் கொள்ளத்தக்கதல்ல. கண்ணாடி வாங்கிய பின் மறுதேர்வு. 1978க்கு முந்தைய எழுத்து உருவங்களைக் கற்றவர்.’